குலதெய்வம் எதுங்க?

கொங்கு நாட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் ஊர் எது என்று கேட்பார்கள். அப்புறம் சுற்றி வளைத்தாவது எந்தக் கூட்டம் (சாதிக்குள் உள்ள குலப்பிரிவு), குலதெய்வம் எது என்பதற்கு வந்துவிடுவார்கள். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இங்கே பூர்வீகம் என்றால் கூட்டம், காணி, கோயில் என்றுதான் கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைக்கப் போனால் பங்காளிகள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். யாருக்கு யார் என்ன முறை என்று சொல்ல ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. "நாங்க வேதக்காரங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வோம். அதற்கு மேல் கேட்டால் என் பிள்ளைகளுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தது.

அம்மா பிறந்த ஊர் தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவில். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அதே ஓட்டுக் கட்டடத்தில் உபதேசியார். கரும்பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் அது கோயில், திங்கட்கிழமை நிமிர்த்தினால் மறுபடியும் பள்ளிக்கூடம். அவரும் அம்மாயியும் போன பிறகு வீட்டைப் பிரிக்கும் பேச்சு வந்தது. அண்டா, உரல், பீரோ எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அட்டாலியில் கிடந்த தகர டிரங்குப் பெட்டிக்கு மட்டும் யாரும் இல்லை. "பழைய காயிதம் கண்ணு, வேணும்னா நீ எடுத்துட்டுப் போ" என்றார் பெரிய மாமன்.

பெட்டியில் அட்டை கழன்ற ஒரு பைபிள், கீர்த்தனைப் புத்தகம், வரவு செலவு நோட்டுகள், மொய் நோட்டுகள், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ ஒன்று, பத்திர நகல்கள் இருந்தன. பைபிளின் முன்பக்க வெற்றுத் தாளில் பிள்ளைகள் பிறந்த தேதி, கிழமை, நேரம், எந்த ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதெல்லாம் அப்புச்சியின் கையெழுத்தில் இருந்தது. பிறந்து சில மாதத்தில் இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் பெயரும் அதில் இருந்தது. அம்மாவுக்கு அப்படியொரு அக்கா இருந்ததே தெரியாது. சங்கீதங்களின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: "மழை இல்லை", "கடன் தீர்ந்தது", "இவளுக்கு அம்மை". எந்த சங்கீதத்தை எந்தக் கஷ்டத்தில் வாசித்தார் என்று வரிசையாகப் பார்க்க முடிந்தது. நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களைவிட அந்த ஓரக் குறிப்புகள் எனக்கு அதிகம் சொல்லின.

ஆனால் குடும்பத்தைத் தேடிப்போக உதவியது பைபிள் அல்ல, மொய் நோட்டு. யாரும் அதைச் சரித்திரம் என்று நினைப்பதில்லை. திருப்பிச் செய்து முடித்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அதில் ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை என்று எல்லாம் இருக்கும். எழுதுகிறவர் மொய்யை ஒழுங்காகத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காகத் தப்பில்லாமல் எழுதியிருப்பார். தொகையைப் பார்த்தாலே உறவு எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். தாய்மாமன் சீர் தனியாக எழுதப்பட்டிருக்கும். பெரியம்மா கல்யாண நோட்டில் சாமி பெயர் வைத்தவர்களும் வேதப் பெயர் வைத்தவர்களும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். எங்கள் பாட்டனார், அதாவது அப்புச்சியின் அப்பா, வேதத்துக்கு வந்ததும் உறம்பரை எல்லாம் அறுந்துபோயிற்று என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. வெள்ளகோயில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், வேதத்துக்கு வராத பங்காளிகள், எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து மொய் எழுதியிருக்கிறார்கள். அப்புச்சி காலத்துக்குப் பிறகுதான், நம் பக்கம் கூப்பிடுவது நின்று, போக்குவரத்தும் நின்றிருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து விசாரித்துப் போய்ப் பார்த்தோம். அந்த வீட்டுப் பெரியவர் அப்புச்சியின் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். எங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் அவர் வாயிலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தது.

பெரியவர்களிடம் கேட்பதில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. "நம்ம பூர்வீகத்தைச் சொல்லுங்க பெரியம்மா" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியுஞ் சாமி" என்றுதான் பதில் வரும். அதே பெரியம்மா கையில் குரூப் போட்டோவைக் கொடுத்ததும், மூன்றாவது வரிசையில் நிற்கிற பையன் யார், அவன் ஏன் சட்டையில்லாமல் நிற்கிறான், போட்டோ எடுத்த அன்றைக்கு யார் வீட்டில் சோறு என்பது வரை சாயங்காலம் முழுக்கப் பேசினார். பொருளைக் காட்டிக் கேளுங்கள். அல்லது ஒரு கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள்: யார் சமைத்தார்கள், யார் கோபித்துக்கொண்டு போனார்கள். கோபித்துக்கொண்டு போனவர் எந்த முறை என்று கேட்டால் ஒரு கிளையே வெளியே வரும்.

வருஷம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள். "மேட்டூர் அணை முடிஞ்ச வருசம் பெரியண்ணன் பொறந்தான்" என்றால் 1934. "அமராவதி அணை வேலைக்கு ஆள் எடுத்தப்ப" என்றால் 1950கள். தாது வருஷத்துப் பஞ்சம் என்று அவர்கள் பாட்டி சொன்னதாகச் சொன்னால் 1876ஐ ஒட்டி. அந்தப் பஞ்சம் சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களைப் புரட்டிப் போட்டது. பல குடும்பங்களின் கதை அதற்கு முன்னால் போவதே இல்லை. இப்படி ஒரு தாளில் நிகழ்ச்சிகளை வருஷத்தோடு எழுதி வைத்துக்கொண்டு போனால் பேச்சு எங்கே நிற்கிறது என்று உடனே தெரியும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிறகு ஃபேன் சத்தம்தான் கேட்கும். பதிவின் தொடக்கத்தில் தேதி, பேசுகிறவர் யார், எந்த ஊர் என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததோடு விட்டால் போன் மாற்றும்போது போய்விடும்.

அடுத்து கோயில் பதிவேடுகள். இதில் முதல் கேள்வி, உங்கள் ஊர் எந்த மிஷனின் கீழ் இருந்தது என்பதுதான். கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் அடிஸ் ஐயர் 1830இல் வந்தார். ஈரோடும் லண்டன் மிஷன்தான். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எல்லாம் ஒரே சபைக்குள் வந்துவிட்டன. ஆனாலும் தாராபுரம் இன்றைக்கும் திருச்சி-தஞ்சைத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி). கோயமுத்தூர் திருமண்டலம் 1950இல் வந்தது. இது தெரியாமல் கோவையில் போய்த் தாராபுரத்துப் பதிவைத் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்து ஐயர்மார் தங்கள் தலைமையிடத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும், லண்டன் மிஷனுடையதும் மெதடிஸ்ட் மிஷனுடையதும், லண்டனில் சோயாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உள்ளூர் உபதேசியார்களின் பெயர் அவற்றில் சில இடங்களில் வரும், பல இடங்களில் "நம்முடைய உதவியாளர்" என்பதோடு நின்றுவிடும். சம்பளம் கொடுத்தவர்களின் சரித்திரத்தில் நம் ஆட்கள் பெயரில்லாமல் நடமாடுவார்கள். அதனால்தான் வீட்டுப் பெட்டி முக்கியம்.

பதிவேட்டைப் பார்க்க ஞாயிறு ஆராதனை முடிந்த நெரிசலில் ஆயரிடம் போய் நிற்காதீர்கள். வார நாளில், ஏறக்குறைய எந்த வருஷம், தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். பெரியவராகி ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் பழைய பெயரும் கிடைக்க வாய்ப்புண்டு. நாங்கள் போன ஒரு கோயிலில் இரண்டு புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. கல்யாணம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயிலில் நடந்த கல்யாணத்தின் பதிவு அரசுப் பதிவுத் துறைக்கும் அனுப்பப்பட வேண்டும், அங்கே தேடலாம். கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு வசதி. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே அதைக் குறிக்க வேண்டும் என்பது அவர்கள் திருச்சபைச் சட்டம். கருமத்தம்பட்டிக்காரத் தோழி ஒருத்தி, பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போய், ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பிலிருந்து பாட்டி கல்யாணமாகிப் போன ஊரையும் கண்டுபிடித்து வந்தாள்.

இவ்வளவும் எளிய பகுதி. கஷ்டமான பகுதி இனிமேல்தான்.

வெள்ளகோயில் பெரியவர் பேசப்பேச, எங்கள் பாட்டனார் ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்த முடியாத வளவில் பிறந்தவர் என்பது, அதுவரை யாரும் சத்தமாகச் சொல்லாத விஷயம், பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தது. பையன்கள் படிக்க வேண்டும் என்பதற்காக அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருக்கிறார். அதற்காக வேலை பார்த்த தோட்டத்தில் அடி வாங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா சொன்னார்: "அதையெல்லாம் எதுக்கு இப்பக் கெளறீட்டு? நம்ம பிள்ளைக நல்லா இருக்குதுக. மறுபடியும் எதுக்கு அங்க கொண்டுபோய் நிறுத்தறே?"

சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. சாதியை மறைத்து வீடு தேடியவர் அவர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி மதம் மாறி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஊர் பழைய கண்ணோடு பார்க்கும், சர்க்கார் புதுக் கண்ணோடு பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் பேசாமல் இருப்பதே மரியாதை என்று பழகிய தலைமுறை அது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. "நாங்க நாலு தலைமுறை கிறிஸ்தவங்க" என்று சொல்லிப் புதிதாக வந்த விசுவாசியைக் கீழே பார்ப்பது. யோவான் ஸ்நானகன் இதைத்தான் போட்டு உடைத்தான்: ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், தேவன் இந்தக் கல்லுகளிலிருந்து பிள்ளைகளை எழுப்புவார் என்று. வம்ச வரலாறுகளில் மூழ்கிக் கிடக்காதே என்று பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு, உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்த விசுவாசம் என்று பெயர் சொல்லியும் எழுதுகிறார். ஆக, பெயரைச் சொல்வதில் தப்பில்லை. எதற்காகச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எனக்கு இதில் வழிகாட்டியது உபாகமம் 26. நாம் அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காயும் கரும்பும் சோளக் கதிரும் கொண்டுபோய் வைக்கிறோமே, அந்த முதற்பலன் காணிக்கையின் சட்டம் அங்கே இருக்கிறது. கூடையை வைத்துவிட்டு இஸ்ரவேலன் என்ன சொல்ல வேண்டும்? "என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியனாயிருந்தான்" என்று தொடங்க வேண்டும். எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், சிறுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பாலும் தேனும். வயிறு நிறைந்து, சொந்த நிலத்தில் விளைந்ததைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அடிமையாக இருந்ததைச் சொல்லச் சொல்கிறது சட்டம். சின்னம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லவில்லை. குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை வாசித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிறகொரு நாள், பாட்டனார் முதுகில் இருந்த தழும்பைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்ததை அவரே சொன்னார். இப்போது எங்கள் குடும்ப நோட்டில் அது இருக்கிறது. சாதிப் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

பெட்டியில் இருந்த பத்திர நகல்களும் பேச வைத்தன. வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்புச்சி வாங்கிய காடுதான் எங்கள் வம்சத்தில் முதல் சொந்த நிலம். அதில் அம்மாவும் சகோதரிகளும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, கையெழுத்துப் போடு என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். கிறிஸ்தவ வீடுகளும் விதிவிலக்கில்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் அதில் இல்லை. பெண்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு, தங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று எங்கள் தகப்பனுடைய காணியை எங்களுக்குக் கொடு என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்லுவது சரி என்று கர்த்தர் சொல்கிறார். ஆகாப் ராஜா பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி நம் கோயில்களில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஐந்து பெண்களைப் பற்றிக் கேட்டதில்லை. சைட் போடுகிறவர்கள் அந்தக் காட்டை இப்போது சுற்றிவருகிறார்கள். விற்பதானால் அக்கா தங்கைகளையும் உட்கார வைத்துத்தான் பேசுவது என்று மாமன்மார் ஒப்புக்கொண்டார்கள். பத்திரத்தைப் பார்த்த பிறகு பெரிய மாமனே எடுத்த பேச்சு அது.

காகிதத்தைக் காப்பது பற்றிச் சுருக்கமாக. அட்டாலியில் வைக்காதீர்கள், ஓட்டு வெக்கை காகிதத்தை அப்பளமாக்கிவிடும். பீரோவின் நடுத்தட்டில், வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். ஏட்டுச் சுவடிக்கு வைத்த வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தால் பூச்சிக்கு நல்லது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் மஞ்சளாகிக் கறை பிடித்துவிடும். லேமினேட் கூடவே கூடாது. என் மாமன் மகன் நல்ல எண்ணத்தில் அப்புச்சியின் வேலை நியமனக் கடிதத்தை லேமினேட் செய்துவிட்டான். பழைய மை சூட்டில் பரவிவிட்டது, பிரிக்கவும் முடியாது. போட்டோவின் பின்பக்கத்தில் பெயர் எழுதுவதானால் மெதுவாகப் பென்சிலால் மட்டும். ஸ்கேன் செய்யும்போது போட்டோவை 600 டிபிஐயில், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். நகல் ஒரே ஊரில் இருக்க வேண்டாம். எங்களுடையது திருப்பூரில் ஒன்று, தாராபுரத்தில் ஒன்று, பெங்களூரில் ஒன்று. கல்லறைக் கற்களைக் காலையிலோ சாயங்காலமோ சாய்வெயிலில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யும் வாலிபர்களிடம் எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காப்பதைவிட முக்கியம் புழங்குவது. கீர்த்தனைப் புத்தகத்தில் அப்புச்சி சில பாட்டுகளின் மேல் வேறு மெட்டு என்று குறித்திருந்தார். என்ன மெட்டு என்று பெரியம்மாவுக்குத்தான் தெரியும். தெம்மாங்கு சாயல் உள்ள ஒன்று, அறுப்புக் காலத்தில் காட்டில் பாடியதாம். பாட வைத்துப் பதிவு செய்து, கிறிஸ்துமஸுக்குக் கூடினபோது பிள்ளைகளைப் பாட வைத்தோம். அப்புச்சி இறந்த நாளில் அவர் ஓரத்தில் குறிப்பெழுதிய சங்கீதம் ஒன்றை வாசிக்கிறோம். முன்னோரைக் கும்பிடுகிற மாதிரி ஆகிவிடாதா என்று சபையில் ஒருவர் கேட்டார். அப்புச்சியிடம் எதையும் நாங்கள் வேண்டுவதில்லை, அவரைக் கொடுத்ததற்காக நன்றி சொல்கிறோம் என்றேன். கேட்டவருக்கு முழுத் திருப்தி இல்லை. பரவாயில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

குடும்ப நோட்டு என்று நான் சொல்வது ஒரு தடித்த லெட்ஜர். வீட்டுக்குச் சில பக்கம், கையால் எழுதுவது, மருமக்களும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பியின் மருமகள் பெருந்துறைப் பக்கத்துப் பெண், காதல் கல்யாணம். அவள் தன் பக்கத்தில் பிறந்த வீட்டின் கூட்டம், காணியூர், குலதெய்வக் கோயில், அங்கே பாட்டியோடு பொங்கல் வைக்கப் போனது எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். சின்ன மாமன் பார்த்துவிட்டு, வேதக்காரர் நோட்டில் இது எதற்கு, கிழித்துவிடலாம் என்றார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்து வைத்தார். இயேசுவின் வம்ச அட்டவணையில் மரியாளைத் தவிர நான்கு பெண்கள்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. ராகாப் எரிகோக்காரி, ரூத் மோவாபிய ஸ்திரீ. "மத்தேயு எதையுங் கிழிக்கலயே தம்பி" என்றார் அம்மா. பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. பெருந்துறையிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா போனில் கேட்டாராம், தங்கள் பங்காளிகளுக்கும் இந்த மாதிரி ஒரு நோட்டு போடலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று. மொய் நோட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.